கால்மாட்டு வார்

காலை ஒன்பதரை மணிக்கு நோய்ப்படகு தீவு மருத்துவமனையின் மிதவைத் துறையில் வந்து அணைந்தது. உள்ளே ஒரே ஒரு நோயாளி. மேட்ரன் வழக்கம்போல் குனிந்து, அவர் முகத்தை மூடியிருந்த ஈரச் சல்லாத்துணியை விலக்கினார். விலக்கிய கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது.

படுத்திருந்தவர் நோயாளி அல்லர். நோயாளிகளை அந்தப் படகில் ஏற்றி அனுப்பும் துறைமுக டாக்டர். ஊரில் யாருக்குப் பெரியம்மை, யாருக்கு இல்லை என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பளித்து வந்தவர். அவர் உடம்பில் ஒரு கொப்புளம்கூட இல்லை. உயிரும் இல்லை. கம்பளியை எடுத்துப் பார்த்தபோது மார்பிலும் இடுப்பிலும் கணுக்காலிலும் தோல்வார்களால் தூக்குப்படுக்கையோடு இறுகக் கட்டப்பட்டிருந்தார்.

மேட்ரன் அலறவில்லை. "யாரும் படகை விட்டு இறங்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தொலைபேசியை நோக்கி நடந்தார்.

காவல் நிலையத்தில் அன்று பலருக்கும் திடீரென்று வயிற்றுவலி கண்டது. நோய்ப்படகில் ஏறி விசாரிக்கப் போவது யார் என்ற பேச்சு எழுந்ததும் எல்லாக் கண்களும் இன்ஸ்பெக்டரின் முகத்துக்குத் திரும்பின. சிறுவயதில் பெரியம்மை கண்டு பிழைத்தவர் அவர்; கன்னமும் நெற்றியும் குழி குழியாய் இருக்கும். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் 'புள்ளி' என்று பெயர். ஒருமுறை தீண்டியவரை அந்நோய் மறுமுறை தீண்டுவதில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே, கேலிக்குக் காரணமான முகமே அன்று தகுதிக்கும் காரணமாயிற்று.

போலீஸ் படகில் அவரோடு சுகாதார அதிகாரியும் ஏறிக்கொண்டார். ஏறியது முதல் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவில்லை.

நோயாளிகளை ஆற்றுவழியே கொண்டுபோகும் வழக்கம் பிறந்த கதை பெருமைப்படத்தக்கதன்று. முன்னொரு காலத்தில் நோயாளிகளை மாட்டுவண்டியில் ஏற்றித் தெருவழியே கொண்டுபோனார்கள். தெருவாசிகள் கதவடைத்தார்கள், சிலர் கல்லெறிந்தார்கள். பிறகு திறந்த துடுப்புப் படகு வந்தது. நோயாளி தார்ப்பாய்க்கடியில் வெயிலும் மழையும் தின்று கிடந்தார். அதன்பிறகே இந்த நீராவிப் படகு: நடுவில் ஓர் அடைத்த அறை, உச்சியில் மஞ்சள் கொடி. ஊரைக் காப்பதற்குப் படகு வேண்டும் என்பதை எவரும் மறுக்க முடியாது. ஆனால், ஊரைக் காப்பவர்கள் உள்ளே கிடப்பவரும் ஊரார்தாம் என்பதை மறந்துபோவதுண்டு. அந்த மறதிக்குத் தண்டனை விதிக்கும் சட்டம்தான் எங்கும் இல்லை.

மிதவையில் கால் வைத்த இன்ஸ்பெக்டர் முதலில் உடலைப் பார்த்தார். இடுப்பு வாருக்குள் சேர்த்து இறுக்கப்பட்டிருந்த மணிக்கட்டுகளில் வார் அறுத்த காயம். அப்படியானால், கட்டப்பட்ட பிறகு டாக்டர் கண்விழித்துத் திமிறியிருக்கிறார். வாயோரத்தில் தூக்க மருந்தின் இனிப்பு வாடை. முகத்தின்மேல் எட்டு மடிப்பாகச் சல்லாத்துணி, பிழிந்தால் வடியும் அளவுக்கு ஈரம். நனைந்த துணியே மூச்சை அடைத்திருந்தது.

பின்னர் வார்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். மார்பிலும் இடுப்பிலும் இருந்தவை கிடங்குச் சரக்கு. வெள்ளைப் பூஞ்சை பூத்துக் கிடந்தன. கால்மாட்டில் இருந்த வாரோ கறுத்து, கருவாடாய் விறைத்திருந்தது. அதன் இரும்புக் கொக்கியைத் துரு தின்றிருந்தது. தையல் துளைகளில் மண் அடைந்திருந்தது. அவர் ஒரு துணுக்கைச் சுரண்டி விரலில் தேய்த்துப் பார்த்தார். ஆற்று வண்டல்.

"என்னய்யா பார்க்கிறதுக்கு இருக்கு?" என்று போலீஸ் படகிலிருந்து சுகாதார அதிகாரியின் குரல் தண்ணீரைக் கடந்து வந்தது. "அறைக்குள்ள கூட இருந்தது அந்த நர்ஸ் ஒருத்திதான். இடமாற்றல் கேட்டு டாக்டரோட சண்டை போட்டவ. விலங்கை மாட்டிக் கூட்டிட்டு வாங்க. பேப்பர்காரங்க வர்றதுக்குள்ள முடிச்சாகணும்."

"இன்னைக்கு இருட்டுற வரைக்கும் டைம் குடுங்க சார்."

"இருட்டுற வரைக்கும்தான். அப்புறம் அவளைத் தூக்குக்கயிறு பார்த்துக்கும்."

நர்சம்மா படகின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். நடுத்தர வயது. கைகளை மடியில் கவிழ்த்து வைத்திருந்தாள்.

"காலையில நடந்ததைச் சொல்லுங்க."

"பரிசோதனை அறைக் கதவைத் தட்டினேன் சார். நோயாளியைத் துடைச்சு மூடுறது என் வேலை. உள்ளேயிருந்து டாக்டர் குரல், 'மூடியாச்சு, நீ படகுக்குப் போ'ன்னுச்சு."

"டாக்டர் குரல்தானா?"

"முகமூடி போட்டுக்கிட்டுப் பேசுனா எல்லார் குரலும் ஒண்ணுதான் சார்."

"படகுல?"

"வழியில நோயாளி முனகுனார். துணி காயக்கூடாதுன்னு விதி. கிருமி கொல்ற கார்பாலிக் தண்ணியை ஊத்தி நனைச்சேன்."

"எத்தனை தடவை?"

 தன் கைகளைப் பார்த்தாள். அந்தக் கைகள் என்ன செய்து முடித்தன என்பது அவளுக்குப் புரிந்திருந்தது.

"ஒரு தடவைகூடத் துணியைத் தூக்கி முகத்தைப் பார்க்கலையா?"

"நான் முகத்தைப் பார்க்கிறதில்ல சார்."

"ஏன்?"

"பார்க்கிறதில்ல" என்றாள் மறுபடியும். அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு கதவு சாத்திக்கொண்டதை இன்ஸ்பெக்டர் உணர்ந்தார்.

சாரங்கு பருத்த மனிதர். படகை ஓட்டுவதைவிடப் பேச்சை ஓட்டுவதில் வல்லவர்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் தண்ணியைப் பார்க்கிறவன். ஆளைப் பார்க்கிறவன் இல்ல. காலையில ஆறு வத்திக் கிடந்துச்சு. கரையில இருந்து படகுக்குப் போட்ட பலகை செங்குத்தா நின்னுச்சு, ஏணி மாதிரி. நான் கீழ தளத்துல நின்னுட்டு இருந்தேன். படுக்கையைத் தூக்கிட்டு நம்ம மாமா இறங்கி வர்றப்பவே, 'கதவைத் திறந்து வைய்யா, மாப்பிள்ளை வர்றார்'னு என்னைப் பார்த்துக் கண்ணடிச்சார். எப்பவுமே அவர் அப்படித்தான் சார், எமனையே சிரிக்க வச்சிருவார். அப்புறம் கிளம்பிட்டோம்."

"நோயாளிகளை வாரால கட்டுற வழக்கம் உண்டா?"

"கிடையவே கிடையாது. நான் சேர்றதுக்கு முன்னாடியே போட்ட ஆர்டர். படகு சாஞ்சா நீந்தவாவது முடியணும்ல. ஏன் எதுக்குன்னு யாரும் சொன்னதில்ல; மேல இருந்து வந்துச்சாம்."

தூக்குவோர் இருவர். தலைமாட்டைப் பிடிப்பவன் நெட்டை. கால்மாட்டைப் பிடிப்பவர் மாமா. யாருக்கு மாமா என்று எவருக்கும் தெரியாது. படகில் எல்லாருக்கும் அவர் மாமாதான். இருவர் முகத்திலும் அம்மைத் தழும்பு உண்டு. அது இல்லாதவருக்கு இந்த வேலை கிடைப்பதில்லை.

"நான் வந்தப்பவே எல்லாம் மூடித் தயாரா இருந்துச்சு சார்" என்றான் நெட்டை. "மாமா எனக்கு முன்னாடியே வந்து வாசல்ல உட்கார்ந்து பீடி பிடிச்சுட்டு இருந்தார். 'வாடா பனைமரம், உனக்கு இப்பத்தான் விடிஞ்சுதா'ன்னார். ரெண்டு பேரும் தூக்கினோம். வேற என்ன?"

"தூக்குறதுல உங்க ரெண்டு பேருக்கும் தனித்தனி வேலையா?"

"ஆமா சார். நான் தலைமாட்டுல நின்னு பாரத்தை விடாம பிடிச்சுக்கணும். கட்டுறது கிடையாதே, அதனால இறக்கத்துல ஆள் வழுக்கிராம பாதத்தை நெஞ்சுல தாங்கிக்கிறது மாமா வேலை. அவர் நெஞ்சு எத்தனை பேர் உதையை வாங்கியிருக்கும்னு அவரைத்தான் கேட்கணும்."

மாமா சிரித்தார். "பெத்த பிள்ளை உதைச்சா வாங்கிக்கிறோம்ல சார், அதுபோலத்தான்."

"உங்களுக்குப் பிள்ளைங்க உண்டா?"

"இருந்தா இந்த வேலைக்கு வருவேனா?" என்று அவர் அதே சிரிப்போடு சொல்லிவிட்டுப் பீடியைத் தட்டினார்.

இன்ஸ்பெக்டர் மிதவையின் விளிம்புக்குப் போய்ப் போலீஸ் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"சார், வார் கட்டக்கூடாதுன்னு ஆர்டர் போட்டீங்களே, ஏன்?"

கைக்குட்டைக்குப் பின்னாலிருந்து சலிப்பு வந்தது. "அது பழைய கதை. ஒரு பொண்ணு ஜன்னி கண்டு படகுலேர்ந்து குதிச்சிருச்சு. டாக்டர் அறிக்கை குடுத்தார், நர்ஸ் சாட்சி சொன்னா, முடிஞ்சுபோச்சு. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"ஒண்ணுமில்ல சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆனால், சம்பந்தம் இருந்தது. நோயாளி ஒருத்தி எழுந்து குதித்துச் செத்தாள் என்றால், இனிமேல் இறுக்கிக் கட்டுங்கள் என்றல்லவா உத்தரவு பிறக்க வேண்டும்? கட்டவே கூடாது என்று பிறந்திருக்கிறது. அறிக்கை ஒன்றைச் சொல்லியிருக்கிறது. உத்தரவோ வேறொன்றை ஒப்புக்கொண்டிருக்கிறது. அதிகார வர்க்கத்தின் பொய்க்கு எப்போதும் இந்தக் குறை உண்டு: அது வாயை மூடிக்கொள்ளும், தன் கையை மறைக்க மறந்துவிடும்.

பிற்பகலில் எல்லாரும் ஊர்த்துறைக்குத் திரும்பினார்கள். பரிசோதனைப் பதிவேட்டின்படி அன்று படகேறியிருக்க வேண்டிய துணிக்கடைக் குமாஸ்தாவைத் தேடி இன்ஸ்பெக்டர் அவர் வீட்டுக்குப் போனார். மனிதர் சட்டையைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்தார்.

"காலையில பிள்ளைங்களைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டுப் போனார் சார்" என்றாள் மனைவி. "நான் தாலியைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், இவர் அரைமணி நேரத்துல திரும்பி வந்து 'முதுகைக் கொஞ்சம் சொறி'ங்கிறார்."

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தொட்டுப் பார்த்தார் சார்" என்றார் குமாஸ்தா. "கட்டை விரலால ஒவ்வொண்ணா அமுக்கிப் பார்த்தார். 'இது வேர்க்குரு. வீட்டுக்குப் போய்ப் பச்சத்தண்ணில குளி'ன்னார். கோட்டு, முகமூடி எல்லாம் போட்டிருந்தார். ஆனா அவருக்குக் கண்ணு கலங்கியிருந்துச்சு. எதுக்குன்னு எனக்குத் தெரியல."

இன்ஸ்பெக்டர் அவர் முதுகைப் பார்த்தார். வேர்க்குருவேதான், பெரியம்மையின் முகவரி இன்ஸ்பெக்டருக்கு நன்றாகத் தெரியும். டாக்டரோ நோயாளியைத் தொட்டதே இல்லை என்று ஊரே அறியும். ஒரு பென்சில் முனையால் சட்டையைத் தூக்கிப் பார்ப்பார், அவ்வளவுதான். அஞ்சாமல் விரல் வைத்தவர் அம்மை கண்டு பிழைத்தவராக இருக்க வேண்டும். அறையையும் கோட்டையும் மருந்துப் பெட்டியையும் அறிந்தவராகவும் இருக்க வேண்டும்.

பொழுது சாய்ந்தது. கடலையொட்டிய அந்த ஆறு நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை வற்றும். மறுபடியும் நீர் இறங்கி, பலகை செங்குத்தாகச் சரிந்து நின்றது. அடியில் கருஞ்சேறு, அதையடுத்துக் கரிய தண்ணீர்.

சுகாதார அதிகாரி விலங்கோடு ஒரு காவலரை நர்சம்மாவின் அருகில் நிறுத்தியிருந்தார். "இருட்டிப்போச்சு இன்ஸ்பெக்டர்."

"ஒரே ஒரு தடவை சார். காலையில நடந்தபடியே செஞ்சு பார்த்துடலாம். நான் நோயாளி."

அவர் தூக்குப்படுக்கையில் படுத்துக் கம்பளியை மார்புவரை இழுத்துக்கொண்டார். நெட்டை தலைமாட்டிலும் மாமா கால்மாட்டிலும் நின்று தூக்கினார்கள். பலகையின் விளிம்பு வந்தது. மாமா நின்று, படுக்கையைத் தாங்கியபடியே திரும்பினார். படகுக்கு முதுகு காட்டி, பின்பக்கமாகக் கால் வைத்து இறங்கத் தொடங்கினார். இன்ஸ்பெக்டரின் உடல் சரிந்தது. பாதங்கள் மாமாவின் நெஞ்சில் போய் ஊன்றின. இப்போது இருவரும் முகத்தோடு முகம் பார்த்தார்கள். பழக்கம் என்பது அப்படி. அது நம்மைக் கேட்டுக்கொண்டு செய்வதில்லை.

பாதிப் பலகையில் இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில் கேட்டார்:

"காலையில ஏன் திரும்பல மாமா?"

மாமாவின் கால் நின்றது.

"இப்படி இறங்கினா உங்க கண்ணுக்கு நான்தான் தெரிவேன். கீழ நிக்கிற சாரங்கு தெரியமாட்டார். காலையில அவரைப் பார்த்துக் கண்ணடிச்சிருக்கீங்க. அப்படின்னா நோயாளிக்கு முதுகைக் காட்டிட்டு, முன்பக்கமா நடந்து இறங்கியிருக்கீங்க. ஆள் வழுக்க மாட்டான்னு உங்களுக்குத் தெரியும். கம்பளிக்கு அடியில கட்டியிருந்தது, கட்டினவனுக்கு மட்டும்தானே தெரியும்?"

தலைமாட்டில் நெட்டையின் மூச்சு இரைந்தது. "ஆமா சார்... அவர் முதுகு தெரிஞ்சுச்சு. நானும் பார்த்தேன். எனக்கு ஒண்ணும் தோணல."

மாமா ஓர் அடி விலகியிருந்தால் போதும். கட்டில்லாத உடல் நேரே சேற்றுக்குள் போயிருக்கும். அது மூவருக்கும் தெரிந்திருந்தது. இன்ஸ்பெக்டரின் பாதங்களுக்கடியில் அந்த நெஞ்சு இடித்துக்கொண்டிருந்தது.

மாமா விலகவில்லை. ஓரோர் அடியாகப் பின்வைத்து, தளத்தில் படுக்கையை அலுங்காமல் இறக்கிவைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"உங்க மேல எனக்கென்ன கோவம்?" என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அது இல்லாதபோது அவர் வேறு யாரோபோல் இருந்தார்.

எல்லாரும் தளத்துக்கு வந்தார்கள். சுகாதார அதிகாரி மட்டும் கரையிலேயே நின்றார்.

"கால்மாட்டுல இருந்த வார் ஆத்துல முழுகினது" என்றார் இன்ஸ்பெக்டர். "கிடங்குல அப்படி வார் இல்ல. அது ஒரு பொணத்தோட கரை சேர்ந்திருக்கணும். அந்தப் பொணத்தைக் குளிப்பாட்டினவங்க கையிலதான் அது இருந்திருக்கும்."

"காலோட சேர்த்து இறுக்கியிருந்துச்சு" என்றார் மாமா. "கொக்கியை என்னால கழட்ட முடியல, அவ்வளவு வீங்கிப்போச்சு. என் மக சார். தையக்காரி. கல்யாணத்துக்குத் தேதி குறிச்சாச்சு. வெயில்ல உட்கார்ந்து தைச்சுத் தைச்சு வேர்க்குரு. இந்த மகராசன் பென்சிலால சட்டையைத் தூக்கிப் பார்த்துட்டு 'படகு'ன்னான். இல்லைன்னு அவ கத்தினா. கத்தினதுக்குக் கட்டினாங்க. பலகை வழுக்கிச்சு. கட்டினபடியே போயிட்டா. குதிச்சாளாம்! எப்படிக் குதிப்பா?"

"டாக்டர் குடிச்ச டீயில தூக்க மருந்து கலந்தீங்க. கோட்டை மாட்டிக்கிட்டுக் குமாஸ்தாவைத் திருப்பி அனுப்பினீங்க. நர்சம்மாவுக்குக் குரல் குடுத்தீங்க. அந்தக் குமாஸ்தாவுக்கு நெஜமாவே அம்மை இருந்திருந்தா?"

"இன்னொரு நாள் பார்த்திருப்பேன். ஊருக்குள்ள நோயை விடுற ஆளா நான்? இத்தனை நாள் காத்தவனுக்கு இன்னொரு நாள் பெருசா? என் மகளுக்கு டாக்டர் செய்யாததை அந்தக் குமாஸ்தாவுக்காவது செஞ்சு அனுப்பினேன், தொட்டுப் பார்த்தேன்."

"டாக்டர் சரி. இந்தம்மாவை ஏன் மாட்டிவிட்டீங்க?"

மாமா முதன்முறையாக நர்சம்மாவின் பக்கம் திரும்பினார். "மாட்டிவிட்டேனா? நான் தூங்க வச்சேன், கட்டினேன், மூடினேன். உயிரை எடுத்தது யாரு? முனகல் கேட்டும் தண்ணி ஊத்தினவ யாரு? ஒரே ஒரு தடவை துணியைத் தூக்கியிருந்தா அந்த டாக்டர் இந்நேரம் வீட்டுல சாப்பிட்டுட்டு இருப்பான். இவ தூக்க மாட்டான்னு எனக்குத் தெரியும். கூடவே இருந்து பார்த்தேனே. ஒரு முகத்தையும் ஏறெடுத்துப் பார்க்காதவ. அவளும் தொங்கட்டும்னுதான் சார் செஞ்சேன். இப்பவும் அதைத்தான் சொல்றேன்."

படகின் அடியில் தண்ணீர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"இன்ஸ்பெக்டர், ஆள் ஒத்துக்கிட்டான்ல" என்று கரையிலிருந்து குரல் வந்தது. "பழசை எதுக்குக் கிளறுறீங்க? ஏத்துங்க வண்டியில."

இன்ஸ்பெக்டர் அசையவில்லை. நர்சம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தப்பிவிட்டாள், விலங்கு இனி அவளுக்கில்லை. வாயைத் திறக்க வேண்டிய தேவையும் இல்லை. தேவையில்லாதபோது சொல்லப்படும் உண்மைக்குத்தான் எடை அதிகம் என்று அவர் காத்திருந்தார்.

நர்சம்மா எழுந்தாள். அதிகாரியைப் பார்த்து அல்ல, மாமாவின் முகத்தைப் பார்த்தாள். நேராக, கண் தாழ்த்தாமல்.

"குதிக்கல" என்றாள். "கட்டியிருந்தோம். கால்மாட்டு வாரை நான்தான் இறுக்கினேன். 'அக்கா, வலிக்குது, கொஞ்சம் தளர்த்துங்க'ன்னு என் முகத்தைப் பார்த்துக் கேட்டா. தளர்த்தல. போனதுக்கப்புறம், குதிச்சான்னு சொல்லச் சொன்னாங்க. சொன்னேன். டாக்டர் சொன்னார், அதோ, கரையில நிக்கிறாரே, அவரும் சொன்னார். எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்."

கைக்குட்டை மூக்கிலிருந்து இறங்கியது.

"நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர், கரையை நோக்கி. "நடந்தே வாங்க. வண்டியில இடமில்ல."

 மன்னித்ததாக மாமாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு, "வலிக்குதுன்னாளா?" என்று மட்டும் கேட்டார். நர்சம்மா தலையசைத்தாள். அவர் இரண்டு கைகளையும் இன்ஸ்பெக்டரின் முன்னால் சேர்த்து நீட்டினார்.

இன்ஸ்பெக்டர் காவலரின் கையிலிருந்து விலங்கை வாங்கித் தம் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமாவின் முழங்கையைப் பிடித்துப் பலகையில் ஏற்றினார். பலகை இன்னும் செங்குத்தாகவே நின்றது.

"தூக்குல போடப்போற ஆளைக் கட்டாம கூட்டிட்டுப் போறீங்களே சார்?"

"கரையில மாட்டுறேன்" என்றார் இன்ஸ்பெக்டர். "இந்தப் பலகையில யாரையும் கட்டக்கூடாதுன்னு ஆர்டர்."